ஒயின் சுவைத்தல்

ஒயின் சுவைத்தல் என்பது திராட்சைச் சாற்றை நொதிக்க வைத்து உருவாக்கப்படும் ஒயினின் நிறம், மணம், சுவை, வாயில் அது தரும் உணர்வு ஆகியவற்றைப் புலன்களால் ஆராய்ந்து தரத்தை மதிப்பிடும் முறையாகும். ஒயின் தயாரிப்பவர்கள், வணிகர்கள், உணவகங்களில் ஒயின் பரிமாறும் 'சொமெலியே' எனப்படும் வல்லுநர்கள் ஆகியோர் இதைத் தொழிலாகச் செய்கின்றனர். ஆர்வலர்கள் பலர் பொழுதுபோக்காகவும் கற்கின்றனர்.

சுவைத்தல் வேறு, குடித்தல் வேறு. தொழில்முறைச் சுவைஞர்கள் ஒரே அமர்வில் பல ஒயின்களை ஆராய்வதால், ஒவ்வொரு வாயையும் ஆராய்ந்தபின் துப்பிவிடுகின்றனர். குன்னூரிலும் கொழும்பிலும் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைப்பவர்களும் கரண்டியால் எடுத்து, ஓசையுடன் உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்புகின்றனர். இரண்டும் ஒரே வகைத் திறன்தான்.

சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் 'ஒயின் ஷாப்' என்பது எல்லா வகை மதுவும் விற்கும் கடையைக் குறிக்கும். இதனால் பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றையும் ஒயின் எனக் கருதும் குழப்பம் உண்டு. அவை நொதித்த நீர்மத்தைக் காய்ச்சி வடித்துப் பெறப்படுபவை. இந்தியாவில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்ககால் கொண்டவை. ஒயின் காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. அதில் பொதுவாக 11 முதல் 15 விழுக்காடு வரை ஆல்ககால் இருக்கும். போர்ட், ஷெர்ரி போன்றவை மட்டும் வடித்த மது சேர்த்து வலுவூட்டப்பட்ட ஒயின்கள்.

வரலாறு

ஜார்ஜியா நாட்டில் கிடைத்த மட்கலங்களில் ஏறத்தாழ கி.மு. 6000 அளவிலான ஒயின் படிவுகள் கண்டறியப்பட்டுள்ளன. அந்நாட்டில் பெரிய மண் தாழிகளை நிலத்தில் புதைத்து ஒயின் தயாரிக்கும் முறை இன்றும் தொடர்கிறது. 2013 இல் யுனெஸ்கோ அம்முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆர்மீனியாவின் அரெனி குகையில் கி.மு. 4000 ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த ஒயின் தயாரிப்பிடம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது.

தமிழகத்துக்கும் ஒயினுக்கும் உள்ள தொடர்பு பழையது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் இளவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் அருந்தியதை நக்கீரர் பாடிய புறநானூற்று 56 ஆம் பாடல் குறிப்பிடுகிறது. புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் உரோமானியரின் இருபிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. இத்தகைய சாடிகளில் ஒயின், ஆலிவ் எண்ணெய் முதலியவை அனுப்பப்பட்டன.

ஒயின் கெட்டுப்போவதற்கு நுண்ணுயிரிகளே காரணம் என்பதை விளக்கி, பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1866 இல் தமது ஆய்வை நூலாக வெளியிட்டார். பாலைக் காக்க இன்று பயன்படும் பாஸ்டர் முறை அவருடைய ஒயின் ஆய்வுகளோடு நெருங்கிய தொடர்புடையது.

ஒயின் உருவாகும் விதம்

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்ககாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள சுமார் 17 கிராம் சர்க்கரை, ஒரு விழுக்காடு ஆல்ககாலாக மாறும். லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுமையாக நொதித்தால் ஏறத்தாழ 13 விழுக்காடு ஆல்ககால் கொண்ட, இனிப்பற்ற ஒயின் கிடைக்கும். நொதித்தலை இடையில் நிறுத்தினால் மீதிச் சர்க்கரை இனிப்பாகத் தங்கும்.

பெரும்பாலான கருந்திராட்சைகளின் சாறு நிறமற்றது. நிறம் தோலில்தான் உள்ளது. தோலுடன் நொதிக்க வைத்தால் சிவப்பு ஒயினும், தோலைச் சிறிது நேரம் மட்டும் ஊறவிட்டு நீக்கினால் இளஞ்சிவப்பு ஒயினும், தோலின்றி நொதிக்க வைத்தால் வெள்ளை ஒயினும் கிடைக்கும். ஷாம்பெயின் தயாரிப்பில் பினோ நுவார் என்னும் கருந்திராட்சை பெருமளவு பயன்பட்டும் அந்த ஒயின் வெள்ளையாக இருப்பது இதனால்தான். ஷாம்பெயினில் இரண்டாம் நொதித்தல் மூடிய புட்டிக்குள்ளேயே நிகழ்வதால் வளிமம் வெளியேற வழியின்றி நீர்மத்தில் கரைந்து, திறக்கும்போது நுரைக்கிறது.

சுவையின் கூறுகள்

ஒயினின் அமைப்பை ஐந்து கூறுகளாகப் பிரித்து அறிவது கற்பவருக்கு எளிது.

இனிப்பு: நொதிக்காமல் எஞ்சிய சர்க்கரையால் வருவது. பழ மணம் வேறு, இனிப்பு வேறு. மாம்பழ மணம் வீசும் ஒயினில் சர்க்கரை அறவே இல்லாமலும் இருக்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவைத்தால் வேறுபாடு தெரியும்.

புளிப்பு: திராட்சையின் முதன்மையான அமிலம் டார்டாரிக் அமிலம். நம் சமையலறைப் புளியில் உள்ளதும் இதுவே. பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலமும் திராட்சையில் உண்டு. பல ஒயின்களில் பாக்டீரியாக்கள் இந்த மாலிக் அமிலத்தைத் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் புளிப்பு மென்மையாகிறது. விழுங்கிய அல்லது துப்பிய பின் வாயில் எவ்வளவு உமிழ்நீர் ஊறுகிறது என்பதைக் கொண்டு புளிப்பை அளவிடலாம்.

துவர்ப்பு: திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலும் ஓக் மரப் பீப்பாயிலும் உள்ள டானின்களால் வருவது. இவை உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் வாய் உலர்ந்து சொரசொரப்பாகிறது. அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணிப் பழகிய தமிழருக்கு இது புதிதன்று. வாழைப்பூ, கடுக்காய், பாக்கு ஆகியவற்றை அறிந்தவர்கள் இதை உடனே இனங்காண்பர். சிவப்பு ஒயினில் இது மிகுதி. வெள்ளையில் மிகக் குறைவு.

ஆல்ககாலின் வெப்பம்: தொண்டையிலும் நெஞ்சிலும் இளஞ்சூடாக உணரப்படுவது. மற்றக் கூறுகளை மீறி எரிச்சல் தந்தால் அந்த ஒயின் சமநிலை இழந்தது எனலாம்.

கனம்: வாயில் நீர்மத்தின் அடர்த்தியாக உணரப்படுவது. நீர் மோருக்கும் கெட்டித் தயிருக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பிடலாம்.

இவற்றில் எதுவும் தனியே துருத்திக்கொண்டு நிற்காத நிலையே சமநிலை எனப்படுகிறது. ரசத்தில் புளியும் உப்பும் மிளகும் இணைந்து நிற்பதைப் போன்றது அது.

மணங்களும் அவற்றின் வேதியியலும்

'மிளகு வாசம்', 'ரோஜா வாசம்' எனச் சுவைஞர்கள் கூறுவது வெறும் கற்பனை எனப் பலர் எண்ணுவர். பல இடங்களில் அது வேதியியல் உண்மையாகும். சிராஸ் என்னும் சிவப்பு ஒயினின் மிளகு மணத்துக்கு ரோட்டன்டோன் என்னும் சேர்மம் காரணம் என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008 இல் அறிவித்தனர். மிளகின் மணத்துக்கும் அதே சேர்மம் காரணமாக உள்ளது. ஓக் பீப்பாய் தரும் யூஜெனால் கிராம்பிலும் உள்ளது. வெனிலா மணம் தரும் வெனிலினும் ஓக்கிலிருந்து வருகிறது. காபர்நே சாவிஞோன், சாவிஞோன் பிளாங்க் ஆகியவற்றின் பச்சைக் குடைமிளகாய் மணத்துக்குக் காரணமான பைரசின் வகைச் சேர்மம் குடைமிளகாயிலேயே உள்ளது. மஸ்கட் வகைத் திராட்சைகளில் ரோஜாவிலும் உள்ள ஜெரானியால் காணப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க் வகை, பன்னீர் திராட்சை எனப் பெயர் பெற்றது பொருத்தமே. இத்திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மணங்களுக்குப் பொதுவான சொற்கள் வேண்டும் என்பதற்காக, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பேராசிரியர் ஆன் நோபிள் 1980களில் மணச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். 'நன்றாக உள்ளது', 'நேர்த்தியானது' போன்ற பொதுச் சொற்கள் அதில் இல்லை. பழம், பூ, மசாலா, மரம், மண் எனத் தொடங்கி ஒவ்வொரு குறிப்பிட்ட பொருளுக்கும் அது இட்டுச் செல்கிறது.

ஒயின் இல்லாமலே பயிற்சி

சுவைப் பயிற்சியின் பெரும்பகுதியை மது இல்லாமலே செய்யலாம்.

ஒன்று: ஒரே தேயிலையை ஒரு கோப்பையில் இரண்டு நிமிடமும் மற்றொன்றில் பத்து நிமிடமும் ஊறவைத்துப் பாலின்றிச் சுவைத்தால் டானினின் ஏற்றத்தாழ்வு விளங்கும். இரண்டாவதில் சிறிது பால் ஊற்றினால் துவர்ப்பு குறையும். பாலின் புரதத்தோடு டானின் பிணைவதே காரணம்.

இரண்டு: எலுமிச்சை நீரை இரண்டு குவளைகளில் ஊற்றி ஒன்றில் மட்டும் சர்க்கரை சேர்த்துச் சுவைக்க வேண்டும். இரண்டிலும் அமிலம் சமம்; ஆனால் இனிப்பு சேர்ந்ததில் புளிப்பு குறைவாகத் தோன்றும்.

மூன்று: அஞ்சறைப் பெட்டியின் பொருட்களைக் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பெயர் சொல்ல வேண்டும். நாள்தோறும் பழகிய சோம்பும் கிராம்பும்கூடச் சட்டெனப் பெயருக்கு வராமல் போவது உண்டு. மூக்கு அறிந்ததைச் சொல்லோடு இணைப்பதே சுவைஞரின் பயிற்சி.

சுவைக்கும் முறை

சுவைத்தலுக்கான கண்ணாடிக் குவளையின் வடிவத்தை ஐஎஸ்ஓ 3591 என்னும் 1977 ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரம் வரையறுக்கிறது. அடியில் அகன்று வாயில் குறுகிய அக்குவளை மணத்தை உள்ளே தேக்கி வைக்கும். சுமார் 50 மில்லிலிட்டர் ஊற்றினால் போதும். கை வெப்பம் படாமல் தண்டைப் பிடிக்க வேண்டும்.

பார்த்தல்: குவளையை வெண்தாளின் மேல் சாய்த்து நிறத்தைக் காண வேண்டும். சிவப்பு ஒயின் இளமையில் ஊதா சாயலுடன் இருந்து, வயது ஏற ஏறச் செங்கல் நிறத்துக்கு வெளிறும். வெள்ளை ஒயின் மாறாக நிறம் கூடிப் பொன்னிறமாகும்.

முகர்தல்: முதலில் அசைக்காமல் ஒருமுறையும், பிறகு சுழற்றி ஒருமுறையும் முகர வேண்டும். சுழற்றும்போது ஆவியாகும் பொருட்கள் மிகுதியாக வெளிப்படும். 'சுவை' என நாம் கூறுவதில் பெரும்பகுதி மணமே. சளி பிடித்த நாளில் சாப்பாடு சப்பென்று இருப்பது இதனால்தான்.

சுவைத்தல்: சிறிதளவு வாயில் கொண்டு, உதடுகளின் இடையே சிறிது காற்றை உறிஞ்சி, வாய் முழுவதும் சுழற்ற வேண்டும். இதனால் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகிறது. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு எனப் பகுதி பிரித்துக் காட்டிப் பள்ளிப் பாடநூல்களில் நெடுங்காலம் அச்சிடப்பட்ட நாக்கு வரைபடம் தவறானது. எல்லாச் சுவைகளும் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் உணரப்படுகின்றன.

முடிவு செய்தல்: துப்பிய பின் இனிய சுவை எத்தனை நொடி நீடிக்கிறது என எண்ணலாம். இதைப் பின்சுவை என்பர். சமநிலை, செறிவு, பல மணங்களின் அடுக்கு, நீண்ட பின்சுவை ஆகியவை தரத்தின் அடையாளங்கள். 'எனக்குப் பிடித்ததா' என்பதும் 'நன்கு செய்யப்பட்டதா' என்பதும் இரு வேறு கேள்விகள். இரண்டுக்கும் தனித்தனியே விடை எழுதப் பழகுவதே கற்றலின் முதல் படி.

தெரிவு செய்தல்

பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் சிட்டைகளில் பெரும்பாலும் ஊர்ப் பெயரே முதன்மையாக இருக்கும். பர்கண்டி என்றால் சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டனே எனப் படிப்பவரே அறிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, சிலி, அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் திராட்சையின் பெயரே பெரும்பாலும் அச்சிடப்படுவதால் புதிதாகக் கற்பவருக்கு அவை எளியவை. ஒரு திராட்சையின் பெயரை அச்சிட, ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 85 விழுக்காடும் அமெரிக்காவில் பொதுவாக 75 விழுக்காடும் அத்திராட்சை இருக்க வேண்டும்.

சிட்டையில் கவனிக்க வேண்டிய சில சொற்கள் உள்ளன. ஸ்பெயினில் 'ரிசர்வா' என்பது முதிர வைத்த காலத்தைக் குறிக்கும் சட்டச் சொல். அமெரிக்காவில் 'ரிசர்வ்' என்பதற்கு நாடு தழுவிய சட்டப் பொருள் இல்லை. நுரைக்கும் ஒயின்களில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்பது 'புரூட்' என்பதைவிட இனிப்பு கூடியது. பெயரை நம்பி ஏமாறுவோர் பலர்.

சிட்டையில் உள்ள ஆண்டு, அறுவடை ஆண்டாகும். பழையதெல்லாம் சிறந்தது என்பது தவறு. விற்பனைக்கு வரும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்காகவே செய்யப்படுகின்றன. இந்தியாவில் நாசிக், நந்தி மலைப் பகுதி ஆகியவை பெயர் பெற்றவை. ஐரோப்பாவில் அறுவடை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் நடக்க, நாசிக்கில் ஆண்டின் முதல் மாதங்களில் நடக்கிறது.

விலை உயர்ந்த ஒரு புட்டியைவிட, மிதமான விலையில் இரண்டு வேறு வகைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது அதிகம் கற்றுத் தரும்.

பாதுகாத்தலும் பரிமாறலும்

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்னும் விதி ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில் பிறந்தது. அது 15 முதல் 18 பாகை செல்சியசைக் குறிக்கும். சென்னையின் மே மாத அறையைக் குறிக்காது. வெப்ப நாடுகளில் சிவப்பு ஒயினையும் அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுப்பது நல்லது. வெள்ளை ஒயினுக்கு 7 முதல் 13 பாகையும், நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 10 பாகையும் ஏற்றவை. மிகுந்த குளிர்ச்சி மணத்தை மறைத்து, துவர்ப்பை மிகுவிக்கும்.

வெப்பம், வெளிச்சம், வெப்பநிலை ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றும் ஒயினின் எதிரிகள். தக்கையிட்ட புட்டியைப் படுக்க வைத்தால் தக்கை உலராது. திறந்த புட்டியை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் சில நாட்களே தாங்கும்.

குறைபாடுகள்

ஈரமான அட்டைப்பெட்டி அல்லது பூசணம் பிடித்த நிலவறை நாற்றம் தக்கைக் கேட்டைக் காட்டும். டிரைகுளோரோஅனிசோல் என்னும் சேர்மம் இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு அதை உணர்ந்துவிடும். அசிட்டிக் அமிலம் மிகுந்தால் வினிகர் வாடை வரும். காற்றுப் பட்டுக் கெட்டால் நிறம் பழுப்பாகி, வெட்டி வைத்த ஆப்பிளின் வாடை வரும்.

உணவகத்தில் பணியாளர் முதலில் சிறிதளவு ஊற்றிக் காத்திருப்பது இக்குறைகள் உள்ளனவா எனப் பார்ப்பதற்கே. குறை இருந்தால் மாற்றித் தரக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்பது மாற்றித் தரக் காரணமாகாது.

உணவுடன் இணைத்தல்

புளிப்பான ஒயின் கொழுப்பு மிகுந்த உணவின் திகட்டலைக் குறைக்கும். இறைச்சி, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் புரதமும் கொழுப்பும் சிவப்பு ஒயினின் துவர்ப்பை மென்மையாக்கும். மிளகாய்க் காரம் ஆல்ககாலின் எரிச்சலையும் டானினின் கடுமையையும் கூட்டுவதால், காரமான உணவுக்கு ஆல்ககால் குறைந்த, சற்றே இனிப்பான ரீஸ்லிங் போன்ற வெள்ளை ஒயின் பரிந்துரைக்கப்படுகிறது.

வல்லுநர் தீர்ப்பும் அதன் எல்லையும்

1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டதன் பேரில் பொர்தோ பகுதியின் ஒயின்கள் தரம் பிரிக்கப்பட்டன. அவை பெற்று வந்த சந்தை விலையே பெரிதும் அடிப்படையாக இருந்தது. சிவப்பு ஒயின்களின் அப்பட்டியல் ஐந்து வகுப்புகளாக இன்றும் நிலைத்துள்ளது. முதல் வகுப்பில் பின்னர் நிகழ்ந்த ஒரே சேர்க்கை, 1973 இல் ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட் உயர்த்தப்பட்டதே.

1976 மே 24 அன்று ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் பிரித்தானிய வணிகர் பாரிசில் ஒரு சோதனை நடத்தினார். பெயர் மறைத்து ஊற்றிய பிரெஞ்சு, கலிபோர்னிய ஒயின்களுக்கு ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் மதிப்பெண் இட்டனர். வெள்ளையில் ஷாத்தோ மான்டலினாவும் சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸும் முதலிடம் பெற்றன. இரண்டும் கலிபோர்னியாவின் 1973 ஆம் ஆண்டு ஒயின்கள். சிட்டையை மறைத்ததும் தரவரிசை மாறியது.

2001 இல் வெளியான பொர்தோ ஆய்வில், ஒயினியல் மாணவர்கள் 54 பேருக்கு மணமற்ற சிவப்பு நிறமி கலந்த வெள்ளை ஒயின் தரப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தனர். கண் கண்டதை மூக்கும் ஏற்றுக்கொண்டது. அரிய பழைய ஒயின்கள் எனப் போலிகளை விற்ற ரூடி குர்னியவான் அமெரிக்காவில் 2013 இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அனுபவம் மிக்க சேகரிப்பாளர்கள் பலர் அவரிடம் ஏமாந்திருந்தனர்.

இதனால் சுவைத்தல் பொய் என்றாகாது. புளிப்பு, துவர்ப்பு, குறைபாடுகள் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றோர் நம்பகமாக இனங்காண்கின்றனர். ஆனால் பெயர், விலை, நிறம் ஆகியவை எவருடைய தீர்ப்பையும் சாய்க்கக்கூடும். ஆகவேதான் தேர்வுகளிலும் போட்டிகளிலும் சிட்டை மறைக்கப்படுகிறது. 1953 முதல் தேர்வு நடக்கும் மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டத்துக்கும் இத்தகைய மறைமுகச் சுவைத்தல் கட்டாயம். 2016 இல் சோனல் ஹாலண்ட் இப்பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

உடல்நலம்

ஒயின் 'இலேசானது' என்னும் கருத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 13 விழுக்காடு கொண்ட ஒயின் 150 மில்லிலிட்டரில் சுமார் 15 கிராம் ஆல்ககால் உள்ளது. 42.8 விழுக்காடு கொண்ட விஸ்கி 30 மில்லிலிட்டரில் சுமார் 10 கிராம் உள்ளது. அதாவது, ஒரு குவளை ஒயின் ஒரு சிறிய அளவு விஸ்கியைவிட ஒன்றரை மடங்கு ஆல்ககால் தருகிறது.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்னும் கருத்து 1990களில் பரவியது. அதில் உள்ள ரெஸ்வெரட்ராலின் அளவோ மிகக் குறைவு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என ஒன்று இல்லை என 2023 இல் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது. கருவுற்றோர், வாகனம் ஓட்டுவோர், மது நோயிலிருந்து மீண்டோர் ஆகியோர் முற்றிலும் தவிர்க்க வேண்டும். மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதோருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். உடல்நலத்துக்காக என்று எவரும் ஒயின் அருந்தத் தொடங்க வேண்டியதில்லை. அருந்துவோர் குறைவாக அருந்துவதே நன்று. கூர்ந்து சுவைக்கப் பழகியவருக்கு ஒரு குவளையே போதுமானதாக இருக்கக்கூடும்.